தடைக்காலத்தில் படகு எஞ்சினைப் பேணும் முறை

நார்வே, சுவீடன், கானடா முதலிய குளிர்ப் பிரதேசங்களில் படகு வைத்திருப்போர், ஆண்டுதோறும் பனிக்காலம் தொடங்குமுன் ஒரு காரியத்தைத் தவறாமல் செய்து முடிப்பர். படகைக் கரையேற்றி, எஞ்சினுக்குள் தங்கியுள்ள நீரை ஒரு சொட்டுமின்றி வடித்துவிட்டு, அவ்விடத்தில் எளிதில் உறையாத ஒருவகைத் திரவத்தை நிரப்பி வைப்பர். தண்ணீர் உறைந்து பனிக்கட்டியாகும்பொழுது அதன் பருமன் ஏறக்குறைய 9 சதவிகிதம் பெருகுகிறது. வார்ப்பிரும்பு வளைந்து கொடுக்கும் தன்மையுடையதன்று. ஆதலால் உள்ளே சிக்கிய நீர் உறைந்தால் எஞ்சின் உடல் விரிசல் காண்பது நிச்சயம். ஒரே இரவின் குளிரில் ஒரு குடும்பத்தின் முதல் முழுதும் பிளந்துபோகும் என்பதை அவ்விடத்தார் நன்கு அறிவர்.

தமிழ்நாட்டுக் கடற்கரையில் மார்கழி மாதத்திலும் நீர் உறைவதில்லை. அதனால் எஞ்சினை ஓய்வுக்கு ஆயத்தம் செய்தல் என்பது குளிர் தேசத்தாருக்கே உரிய வேலையென்றும், நம் படகுகளை நிறுத்திய நிலையிலேயே விட்டுவைக்கலாமென்றும் எண்ணுவோர் அநேகர். இவ்வெண்ணம் சரியன்று. நம் எஞ்சின்களுக்குப் பனி பகையன்று. உப்பும், மழையும், ஈரக்காற்றும், வெப்பமுமே பகை. உலர்ந்த குளிரில் துரு மெதுவாகவே ஏறும். சித்திரை வைகாசி மாதங்களின் கடற்காற்றில் அது வெகு விரைவாக ஏறுகிறது. குளிர் தேசத்தில் எஞ்சின் ஒரே நாளில் உடைகிறது. இங்கே மாதக்கணக்கில் சிறிது சிறிதாகக் கெட்டு, பிறகு நடுக்கடலில் நின்றுபோகிறது. இதில் எது பெரிய தீங்கு என்பதைக் கடல் தொழில் செய்வோரே கூறட்டும்.

நம் எஞ்சின்களுக்கும் ஆண்டுதோறும் நீண்ட ஓய்வு உண்டு. கிழக்குக் கரையில் விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாதென்ற தடை, 2001ஆம் ஆண்டு முதல் 45 நாட்களாக இருந்து, 2017 முதல் 61 நாட்களாக நீட்டிக்கப்பட்டது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை இத்தடை நடைமுறையில் இருக்கும். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் அது ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையாகும். நாட்டுப்படகுகளுக்கு இத்தடை இல்லையெனினும், ஐப்பசி முதல் மார்கழி வரையுள்ள வாடைக் காலத்தில் புயலுக்கும் கொந்தளிப்புக்கும் அஞ்சி அவையும் பலநாள் கரையில் கிடக்கின்றன. மீன் இனம் பெருகுவதற்காக ஏற்பட்ட தடைக்காலத்தை எஞ்சினின் ஆயுள் பெருகுவதற்கும் பயன்படுத்திக் கொள்ளலாம். வலை பின்னுவதற்கும், பலகை மாற்றுவதற்கும், சாயம் பூசுவதற்கும் இந்நாட்களைச் செலவிடும் படகுக்காரர், எஞ்சினை மாத்திரம் தடை நீங்குவதற்கு நான்கு நாள் முன்னர் நினைத்துக்கொள்ளுவது வழக்கமாக இருக்கிறது.

எஞ்சின் பழுது என்பது பட்டறைச் செலவோடு முடிந்துபோகும் விஷயமன்று. பாக்கு நீரிணையில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையேயுள்ள தூரம் ஏறக்குறைய 30 கிலோமீட்டரே. 1974, 1976ஆம் ஆண்டுகளின் உடன்படிக்கைகளின்படி வகுக்கப்பட்ட கடல் எல்லைக்கோடு நம் மீனவர் தொழில் செய்யும் இடத்திற்கு மிக அணித்தாக உள்ளது. எஞ்சின் நின்ற படகு காற்றும் நீரோட்டமும் இழுத்த திசையில் செல்லுமேயன்றி எல்லைக்கோட்டை அறியாது. அப்படகில் உள்ளோர் சிறைப்பட நேரிடலாம். புயற்சின்னம் தோன்றிய நாளாயின் உயிருக்கே ஆபத்து. 2017ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலில் குமரி மாவட்டத்து மீனவர் பலர் கடலில் மாண்டதை யாரும் மறந்திருக்க முடியாது. அத்தகைய நாளில் கரை திரும்பக் கூடிய வேகமும், நடுவழியில் நிற்காத எஞ்சினுமே முதல் துணை. மேலும், விசைப்படகுகளில் பங்கு முறையே வழக்கம். பழுது பார்க்கும் செலவு பெரும்பாலும் படகுக்காரரைச் சேர்ந்ததாயினும், படகு கடலுக்குப் போகாத நாளில் உடன் செல்லும் தொழிலாளிக்கும் பங்கு இல்லை. ஆகவே ஒரு படகின் எஞ்சினை நம்பி இருப்பது ஒரு குடும்பம் அன்று, ஐந்தாறு குடும்பங்கள்.

இனிச் செய்ய வேண்டியவற்றைப் பார்ப்போம். முதலாவது மசகெண்ணெய். கடைசிப் பயணம் முடிந்து துறை சேர்ந்த அன்றே, எஞ்சின் சூடாக இருக்கும்பொழுதே பழைய எண்ணெயை வடித்துவிட வேண்டும். சூட்டில் எண்ணெய் இளகி ஓடுவதால் கரியும் கசடும் அதனோடு வெளிவரும். ஆறியபின் வடித்தால் அவை அடியிலேயே தங்கிவிடும். "இரண்டு மாதம் ஓடப்போவதில்லை, புது எண்ணெயை இப்பொழுது ஏன் ஊற்ற வேண்டும்? தடை நீங்கியபின் மாற்றினால் போதாதா?" என்று சிலர் கேட்பர். கேள்வி நியாயமாகத் தோன்றினும் கணக்கு அப்படியன்று. எண்ணெய் எப்படியும் ஒருமுறை மாற்றப்பட வேண்டியதே; முன்னால் மாற்றினாலும் பின்னால் மாற்றினாலும் செலவு ஒன்றே. உழைத்த எண்ணெயிலோ புகைக்கரியும், எரிபொருள் எரிந்ததனால் உண்டான அமிலமும், ஈரமும் கலந்திருக்கின்றன. அவ்வெண்ணெயிலே பேரிங்குகளை இரண்டு மாதம் ஊறவைப்பதைவிடப் புது எண்ணெயில் ஊறவைப்பது மேலல்லவா? எண்ணெயுடன் அதன் வடிகட்டியையும் மாற்றி, ஐந்து நிமிஷம் எஞ்சினை ஓடவிட்டு, புது எண்ணெய் எங்கும் பரவியபின் நிறுத்துக.

வடித்த எண்ணெயைக் கூர்ந்து பார்ப்பதும் நல்லது. பால் கலந்த காப்பியின் நிறம் தென்பட்டால் எங்கேயோ நீர் உள்ளே புகுகிறதென்று பொருள். ஒரு காந்தத்தை எண்ணெயில் தோய்த்து எடுக்கையில் இரும்புத் துகள் திரளாக ஒட்டினால் உள்ளே ஏதோ தேய்கிறது. தடைக்காலத்தின் முதல் நாளில் இதை அறிந்தால் பழுது பார்க்க 60 நாள் இருக்கும். பழைய எண்ணெயைத் துறையிலே கொட்டுவது பெரும் தவறு. அது மிதந்து சென்று கெடுப்பது நம் கரையோர மீன்குஞ்சுகளையே.

இரண்டாவது, எஞ்சினைக் குளிரச் செய்யும் நீர். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. எஞ்சின் ஓடும்வரை அந்நீர் ஓடிக்கொண்டே இருப்பதால் உப்பு படிவது குறைவு. நின்றபின் மிஞ்சிய நீர் வற்றி, உப்பு மட்டும் குழாய்களின் உட்சுவரில் கட்டியாகத் தங்குகிறது. வழி குறுகுகிறது, எஞ்சின் சூடேறுகிறது, சிலிண்டர் தலையின் காஸ்கெட் எரிகிறது. அதனால் ஓய்வுக்கு விடுமுன் கடல்நீர் செல்லும் பாதை முழுவதிலும் நல்ல தண்ணீரைச் செலுத்திக் கழுவி, பிறகு அதையும் வடித்துவிட வேண்டும். நீரை இறைக்கும் பம்பிலுள்ள ரப்பர் இம்பெல்லரைக் கழற்றி நிழலில் வைத்தல் நலம். பல நாள் ஒரே நிலையில் மடங்கிக் கிடந்தால் அதன் இதழ்கள் வளைந்தபடியே இறுகிப்போகும். பிறகு ஓடத் தொடங்கிய அன்றே ஒடியும்.

கடல்நீர் நேரே எஞ்சினுக்குள் செல்லாமல், உள்ளே வேறு நீர் சுற்றிவரும் எஞ்சின்களில், அவ்வுள்நீருக்குப் பதிலாகக் குழாய்த் தண்ணீரையோ கிணற்று நீரையோ ஊற்றுவோர் பலர். "கூலண்ட் என்பது குளிர் நாட்டுச் சரக்கு, நமக்கு வேண்டாம்" என்பது அவர்கள் கட்சி. உறையாமல் காப்பது அத்திரவத்தின் ஒரு குணமே. துருப்பிடிக்காமல் தடுப்பதும், நீர் கொதிக்கும் நிலையை உயர்த்துவதும் அதன் மற்றைய குணங்கள். இவ்விரண்டும் நமக்கு மிகவும் வேண்டியவை. ஆனால் இவற்றுள் எதிலீன் கிளைக்கால் சேர்ந்த வகை கடும் விஷம்; சுவை இனிப்பாதலால் குழந்தைகளும் நாய்களும் குடித்துவிடக்கூடும். மீதியைத் தண்ணீர்ப் புட்டியில் ஊற்றி வைக்கும் பழக்கத்தை அறவே விடவேண்டும்.

மூன்றாவது எரிபொருள் தொட்டி. நடுக்கடலில் எஞ்சின் நிற்பதற்கு அநேக சமயம் காரணமாயிருப்பது இதுவே. ஆயினும் மிகக் குறைவாகக் கவனிக்கப்படுவதும் இதுவே. பாதி நிறைந்த தொட்டியில் மீதி இடத்தை ஈரக்காற்று நிரப்புகிறது. பகல் வெப்பத்திலும் இரவுக் குளிர்ச்சியிலும் அக்காற்று மாறி மாறி விரிந்து சுருங்க, தொட்டியின் உட்சுவரில் நீர் வியர்த்துச் சொட்டுகிறது. நீர் டீசலைவிடக் கனமானதால் அடியில் தங்கும். நீரும் டீசலும் சந்திக்கும் அவ்விடத்தில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் வளர்ந்து கறுத்த வழவழப்பான கசடாகத் திரளுகின்றன. அமைதியான கடலில் அக்கசடு அசையாமல் கிடக்கும். காற்று எழும்பி, படகு ஆடத் தொடங்கியதும் அது கலங்கி மேலேறி வடிகட்டியை அடைக்கும். எஞ்சின் மிகவும் தேவைப்படும் வேளை பார்த்து அது நின்றுபோவது விதியின் கொடுமை என்று சொல்லுவர். உண்மையில் அது தொட்டியின் கசடு.

இதைத் தவிர்க்க, படகைக் கட்டி ஒரு நாள் அசையாமல் விட்டு, தொட்டியின் அடியிலுள்ள திருகைத் திறந்து, தெளிந்த டீசல் வரும்வரை நீரையும் கசடையும் வடிக்க வேண்டும். பிறகு தொட்டியை முக்கால் பங்குக்கு மேல், முடிந்தால் கழுத்தளவு, நிரப்பி மூடுக. வருமானமில்லாத மாதங்களில் டீசலில் பணத்தை முடக்குவது எளிதன்று என்பது உண்மையே. நிரப்ப முடியாதவர் தொட்டியை முழுவதும் காலிசெய்து, துடைத்து, உலர்த்தி மூடலாம். இரண்டுங்கெட்டான் நிலையில் விடுவதே கூடாதது. தடைக்காலத்தில் வெல்டிங் வேலை நடப்பதுண்டாகையால் ஓர் எச்சரிக்கையும் அவசியம். காலித் தொட்டி ஆபத்தில்லாதது என்று நினைப்பது தவறு. எண்ணெய் ஆவி நிறைந்த காலித் தொட்டியே வெடிக்கக் கூடியது. நன்றாகக் கழுவி ஆவி போக்காத தொட்டியின் மேலோ அருகிலோ நெருப்பைக் கொண்டு செல்லலாகாது.

நான்காவது, மழையிலிருந்து காத்தல். கோடை மழை ஒன்று போதும். நிமிர்ந்து நிற்கும் புகைக்குழாய் வழியாக நீர் இறங்கிச் சிலிண்டரை அடைந்துவிடும். அங்கே அது பிஸ்டன் வளையங்களைத் துருவால் சிலிண்டர்ச் சுவரோடு ஒட்டவைக்கும். நீர் மிகுதியாகத் தேங்கியிருக்கையில் யாரேனும் எஞ்சினை முடுக்கினால் கேடு இன்னும் பெரிது. காற்று அமுங்கும், நீர் அமுங்காது. மேலேறும் பிஸ்டன் நீரில் முட்டி, அதைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஒரு தகர டப்பாவைப் புகைக்குழாயின்மீது கவிழ்த்துக் கட்டுவதற்கு ஆகும் செலவு ஒன்றுமில்லை. காற்று புகும் வாயையும் எண்ணெய்த் துணியால் அடைத்துக் கட்டுக. அடைத்ததை மறந்து முடுக்கிவிடாதபடி, ஸ்டார்ட்டர் பொத்தானில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி வைப்பது விவேகமான வழக்கம்.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை எஞ்சினைக் கையாலோ கம்பியாலோ சில சுற்றுக்கள் சுற்றி, முன் நின்ற நிலையில் நில்லாதவாறு விடவேண்டும். இதனால் எண்ணெய் மறுபடி பரவும். ஒரே வால்வு ஸ்பிரிங் இரண்டு மாதமும் அமுங்கிக் கிடக்காது. இதற்குக் கால் மணி நேரமே ஆகும்.

படகு கரையேறியிருக்கும்பொழுதே விசிறித் தண்டையும் பார்த்துவிட வேண்டும். அறுந்த நைலான் நரம்பு விசிறிக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு உருகி, நீர்க்காப்பு வளையத்தை அறுத்துவிடுவது சாதாரணம். விசிறியைக் கழற்றாமல் அது கண்ணுக்குப் புலப்படாது. வெண்கல விசிறியும் இரும்புத் தண்டும் உப்புநீரில் சேர்ந்திருக்கும்பொழுது பாட்டரியில் நிகழ்வது போன்ற ஒரு மின்னோட்டம் உண்டாகி, அவற்றுள் ஒன்று அரிக்கப்படுகிறது. அந்த அரிப்பைத் தான் ஏற்றுக்கொள்ளுவதற்காகவே துத்தநாகக் கட்டிகள் பொருத்தப்படுகின்றன. கட்டி கரைந்திருப்பதைக் கண்டு மட்டமான சரக்கென்று கடைக்காரரைக் கோபித்தல் வேண்டா. கரைவதே அதன் வேலை. பாதி கரைந்ததும் மாற்றிவிடுக. சாயம் அடிக்கும் ஆட்கள் படகோடு சேர்த்து அதற்கும் சாயம் பூசிவிடுவதுண்டு; சாயம் மூடிய கட்டியால் யாதொரு பிரயோஜனமுமில்லை.

பாட்டரியைக் கழற்றி வீட்டிலோ சங்கக் கட்டிடத்திலோ காற்றோட்டமான இடத்தில் வைத்து, மாதம் ஒருமுறை மின்னேற்றினால் போதும். கழற்றும்போது எதிர்மின் கம்பியை முதலில் எடுக்க வேண்டும். மின்னேற்றுமிடத்தில் பீடி பற்றவைத்தல் கூடாது. அங்கே எழுவது ஹைட்ரஜன் வாயு.

சிறு படகுகளின் பின்புறத்தில் மாட்டும் வெளிப்பொருத்து எஞ்சின்களுக்கு முறை சிறிது வேறு. அவற்றை ஒவ்வொரு நாளும் தொழில் முடிந்தபின் நல்ல தண்ணீர்ப் பீப்பாயில் இறக்கிப் பத்து நிமிஷம் ஓடவிடுதல் வேண்டும். நீண்ட ஓய்வுக்கு விடும்பொழுது எரிபொருள் குழாயைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டரில் உள்ளது தீர்ந்து தானே நிற்கும்வரை ஓட்டுக. மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினாயின், நிறுத்துமுன் பெட்ரோலுக்கு மாற்றிச் சிறிது நேரம் ஓடவிட்டு நிறுத்தினால்தான் அடுத்த முறை எளிதில் கிளம்பும். பெட்ரோலைப் பற்றியும் ஒரு புது ஜாக்கிரதை தேவையாகிறது. 2025ஆம் ஆண்டளவில் நாட்டில் விற்கும் பெட்ரோலில் 20 சதவிகிதம் வரை எத்தனால் கலக்கப்படலாயிற்று. எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். அளவு மீறினால் நீரோடு சேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து அடியில் இறங்கும். கலந்து வைத்த மசகெண்ணெயோ மேலேயுள்ள பெட்ரோலோடு நின்றுவிடும். அடியிலிருந்து உறிஞ்சும் எஞ்சினுக்கு அப்பொழுது எண்ணெய்ப் பசையே கிடைப்பதில்லை. மூன்று மாதம் கேனில் கிடந்த கலவையை எஞ்சினில் ஊற்றாதிருத்தல் நன்று.

அடிப்பகுதிக் கியர் எண்ணெயை மாற்றி, தீப்பொறி பிளக்குகளைக் கழற்றிச் சிலிண்டருக்குள் சில சொட்டு எண்ணெய் விட்டுக் கையால் சுற்றி, எஞ்சினை நிமிர்த்தி நிறுத்தி வைக்க வேண்டும். படுக்கவைத்தால் உள்ளே தங்கிய நீர் சிலிண்டர்ப் பக்கம் ஓடும். கரை மோதலில் கடலுக்குள் மூழ்கி எடுக்கப்பட்ட எஞ்சினை வெயிலில் உலர்த்துவது பெருந்தவறு. நீர் உள்ளவரை துரு மெதுவாக ஏறும். காற்றுப் பட்டதும் சில மணி நேரத்தில் பரவிவிடும். எடுத்த உடனே நல்ல தண்ணீரில் அலசி, பிளக்கைக் கழற்றி நீரை வெளியேற்றி, எண்ணெயிட்டு, அன்றே ஓட்டிவிட வேண்டும். அன்றே இயலாவிடில் பிரித்துப் பார்க்க மெக்கானிக் வரும்வரை நல்ல தண்ணீரிலேயே அமிழ்த்தி வைத்தல் மேல்.

இவற்றில் தனி மனிதருக்குக் கடினமாகத் தோன்றுபவை மீனவர் கூட்டுறவுச் சங்கத்திற்கு எளியவை. ராமநாதபுரம் முதலிய வறண்ட கரைகளில் குடிநீருக்கே அலைச்சலாக இருக்க, எஞ்சினைக் கழுவ நல்ல தண்ணீர் எங்கே என்று கேட்கலாம். சங்கத்தின் பொறுப்பில் துறையருகே ஒரு 200 லிட்டர் பீப்பாயை நிழலில் வைத்தால், அதே நீரில் ஒரே நாளில் பல எஞ்சின்களைக் கழுவலாம். நாவில் உப்புத் தட்டியதும் மாற்றினால் போதும். மசகெண்ணெய், வடிகட்டி, இம்பெல்லர், துத்தநாகக் கட்டி இவற்றை உறுப்பினர்க்கெல்லாம் சேர்த்து மொத்தமாக வாங்கினால் விலை குறையும். போலிச் சரக்குக்கும் இடமில்லை. ஊர்தோறும் இரண்டு வாலிபர்களை எஞ்சின் வேலையில் பழக்கிவைத்தல் இன்னும் நல்லது. படகுக் கடன் கொடுத்த சங்கத்திற்கு அப்படகின் எஞ்சினே ஈடு. அது துருப்பிடிப்பதைச் சங்கம் பார்த்துக்கொண்டிருப்பது தன் பணப்பெட்டி கரையான் அரிப்பதைப் பார்த்திருப்பதற்கு ஒப்பாகும். ஒவ்வொரு படகுக்கும் ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வைத்து, எண்ணெய் மாற்றிய தேதியையும் ஓடிய மணிகளையும் குறித்துவருமாறு சங்கச் செயலாளர்கள் வற்புறுத்தலாம். ஞாபகத்தை நம்புவோர் எண்ணெய் மாற்றியது போன மாதமா, அதற்கு முந்திய மாதமா என்பதிலேயே வாதாடிக்கொண்டிருப்பர்.

தடை நீங்கும் வாரத்தில் துறையிலுள்ள படகுகள் யாவும் ஒரே நாளில் புறப்பட ஆயத்தமாவதால் மெக்கானிக்குகளுக்கு ஓய்வொழிவு இராது. உதிரிப் பாகங்களுக்கும் முட்டுப்பாடு. ஆகையால் பத்து நாள் முன்னதாகவே சோதனை ஓட்டம் செய்துவிட வேண்டும். முதலில் புகைக்குழாய் டப்பாவையும் காற்றுவாய்த் துணியையும் அகற்றுக. இம்பெல்லரைப் பொருத்தி, நீர் வரும் வால்வைத் திறந்து, டீசல் வடிகட்டியில் நீர் உள்ளதா என்று பார்த்து, குழாய்களிலுள்ள காற்றை வெளியேற்றுக. பிறகு எரிபொருள் செல்லாதபடி நிறுத்திவைத்து எஞ்சினைக் கையால் இரண்டு சுற்று சுற்றிப் பார்த்தல் வேண்டும். எங்கேனும் முட்டினால் மேற்கொண்டு பலாத்காரமாகச் சுற்றாமல் இன்ஜெக்டர்களைக் கழற்றி உள்ளே நீர் இருக்கிறதா என்று நோக்குக. தடையின்றிச் சுழன்றால் முடுக்கலாம். முடுக்கிய சில விநாடிகளில் எண்ணெய் அழுத்தமானியின் முள் எழ வேண்டும். எழாவிட்டால் உடனே நிறுத்துக. வெளியேற்றும் குழாயில் கடல்நீர் வந்துவிழுகிறதா என்பதை ஒருவர் வெளியே நின்று பார்த்துச் சொல்ல வேண்டும். அரைமணி நேரம் மிதமான வேகத்தில் ஓட்டி நிறுத்தி, தண்டின் நீர்க்காப்பு ஒழுகுகிறதா, எண்ணெய் அளவு இறங்கியிருக்கிறதா என்று பார்த்தபின், டீசல் வடிகட்டியை மறுமுறை திறந்து சுத்தம் செய்து மூடி, உபரியாக ஒரு வடிகட்டியும் ஓர் இம்பெல்லரும் ஒரு பெல்ட்டும், அவற்றை மாற்றுவதற்கேற்ற ஸ்பானர்களும் படகிலே ஏற்றிவைக்கப்படுதல் வேண்டும்.